சவ்வு செய்ய உதவியவர்களுக்கு

ஆய்வேட்டின் நன்றியுரைக்கு ஒரே பக்கம்தான் தந்தார்கள். பெயர்களை அடுக்கியதிலேயே அது நிறைந்துவிட்டது. யார் என்ன செய்தீர்கள் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் செய்தது மருந்து கசியும் சவ்வு. தாடை எலும்பு கரைந்து பள்ளமான இடத்தில் போர்த்துவதற்கு. ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். விட்டால் ஈறு முந்திக்கொண்டு பள்ளத்தை அடைத்துவிடும். அதை வெளியே நிறுத்தும் வேலிதான் சவ்வு. 1980களில் வந்த யோசனை. வேலிக்குள் கிருமி புகுந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெல்லக் கரையும் பிளாஸ்டிக் இழைக்குள் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வைக்கப் பார்த்தேன்.

ஆய்வகத்து அண்ணா, ஊசியிலிருந்து 15,000 வோல்ட்டில் இழை பறந்து தகட்டில் படியும்; ஒரு நாள் வழவழவென்று வரும், மறுநாள் குழிகுழியாக வரும். மூன்று மாதம் கரைசலையே திட்டிக்கொண்டிருந்தேன். "மழை நாள்ல மட்டும்தானே இப்படி ஆகுது?" என்று கேட்டது நீங்கள். அன்றுதான் அறையில் ஈரப்பதமானி மாட்டினோம்.

அப்புறம், ராத்திரியிலும் வந்து மாதிரி எடுத்த தங்கைக்கு. முதல் சவ்வு பெரும்பகுதி மருந்தை ஒரே நாளில் கொட்டிவிட்டது. மருந்து அளவு மீறினால் கிருமியோடு எலும்பு வளர்க்கும் செல்களும் சாகும். மருந்தை இழையின் நடுவில் வைத்து, மேலே மருந்தில்லாத உறை போட்டோம். கசிவு நிதானமானது. ஆனால் சில நாளில், சவ்வை ஊறவைத்த குழாய்த் திரவத்திலிருந்த மருந்தின் அளவு குறையத் தொடங்கியது. "வெளியே வந்த மருந்து திரும்ப உள்ளே போகுமா அக்கா?" என்றாய். சிரித்தேன், மன்னித்துக்கொள். டாக்சிசைக்ளின் வெளிச்சம் பட்டால் சிதையும். நம் குழாய்கள் ஜன்னலோரம் இருந்தன. உன் கேள்வி இல்லையென்றால் அந்தத் தப்பான வரைபடம் அப்படியே ஆய்வேட்டில் ஏறியிருக்கும்.

பல் அறுவை மருத்துவர் ஐயாவுக்கு: சவ்வை நனைத்து, ஒரு தையல் போட்டு, கிழிந்ததைக் காட்டி, "படத்துல அழகா இருக்கு, வாயில நிக்காதே" என்றீர்கள். இரண்டு நாள் கோபம் இருந்தது. தடிமனை மாற்றினேன்.

எலிகளைத் தினமும் எடை பார்த்துக் கவனித்த பெரியவருக்கும், அந்த எலிகளுக்கும் நன்றி. என் கருவிக் கோப்பு ஏழு மாதம் தூங்கிய அலுவலகத்துக்கும் சொல்லச் சொல்கிறார் அம்மா. மனசு வரவில்லை.

சவ்வு இன்னும் எந்த மனிதர் வாய்க்கும் போகவில்லை. அந்த வேலை இனி தங்கையுடையது. மீதி மாதிரிகள் குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில், அலுமினியத் தாளில் சுற்றி இருக்கின்றன. பிரிக்கும் முன் விளக்கை அணைத்துவிடு.