கிண்ணச்செடி பூத்துவிட்டது

ரோச்செஸ்டர், மின்னசோட்டா
ஆகஸ்ட் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

"அந்தக் களைச்செடி என்னாச்சு?" என்று போனில் சிரித்தாயே, அது பூத்துவிட்டது. இங்கே கப் பிளான்ட் என்பார்கள். எனக்குக் கிண்ணச்செடி. இந்த மண்ணிலேயே பிறந்த செடி. எட்டடி வளர்ந்து சமையலறை ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

நீ ஆடிப்பட்டம் தேடி விதைப்பாய். நான் இதை விதைத்தது நவம்பரில், பனி கொட்டுவதற்கு முந்தின வாரம். ஈரமும் குளிருமாக இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் விதைக்கு உறக்கம் கலையும். முதல் வருஷம் தரையோடு நாலு இலை, அவ்வளவுதான். தின்றதெல்லாம் வேருக்குப் போய்விடுகிறது. பொறுமை கெட்டு ஒருநாள் பிடுங்கப் பார்த்தேன். வரவில்லை. மூன்றாவது கோடையில் இப்போதுதான் பூ.

தண்டு பிரண்டை போல நாலு பட்டை. இலை உப்புத்தாள். எதிரெதிர் இலைகள் இரண்டும் அடியில் ஒன்றாக ஒட்டித் தண்டைச் சுற்றிக் கிண்ணமாகிவிடுகின்றன. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். கொசு வருமே என்பாய். நானும் நம்மூர் ஞாபகத்தில் எட்டி எட்டிப் பார்த்தேன். செத்த எறும்பு ஒன்று மிதந்தது, புழு இல்லை. நேற்றுக் காலை ஒரு மஞ்சள் சிட்டு தலையைச் சாய்த்து அதில் குடித்தது. கையில் காபி ஆறிப்போனது.

பூ குட்டிச் சூரியகாந்தி மாதிரி. ஆனால் விதை நடுவில் பிடிக்காது, சுற்றியுள்ள இதழ்களின் அடியில்தான். நாள் முழுக்க பம்பிள் தேனீக்கள். அவற்றில் முதுகில் துருப்பிடித்த மாதிரித் திட்டுள்ள ஒரு வகை அருகிப்போய், 2017-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2019-இல் அதையே இந்த மாநிலத்தின் அடையாளத் தேனீ ஆக்கினார்கள். எங்கள் செடிக்கு அது இன்னும் வரவில்லை. தினமும் முதுகு முதுகாகப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எப்போது வெட்டுவாய் என்கிறார். காய்ந்தாலும் வெட்டப்போவதில்லை, சிட்டுகளுக்கு விதை வேண்டும். ஆனால் அவர் பயம் நியாயம்தான்: விழுந்த விதையெல்லாம் முளைக்கும் போலிருக்கிறது.

உனக்கு விதை அனுப்பிப் பிரயோஜனமில்லை, நம்மூரில் பனிக்கு எங்கே போவது? அவரைக்குப் பந்தல் போட்டாயிற்றா? எழுது.

உன் அன்பு மகள்