கோடிக் கணக்கு யாருக்கு வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சயின்ஸ் பிக்‌ஷன் படம் ஒன்றின் டீசர் வந்தாலே போதும், ரசிகர்கள் எல்லோரும் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். ஒரு பக்கம் 'எங்க தலைவர் படம் 400 கோடி' என்று மார்தட்டல், இன்னொரு பக்கம் '400 கோடிக்கு இந்த பொம்மைப் படமா' என்று ஒரே ஒரு பிரேமை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு ஊரெல்லாம் அனுப்பிவைப்பது. கதையில் என்ன கற்பனை செய்திருக்கிறார்கள் என்று பேச ஆளைக் காணோம். வடபழனிப் பக்கம் ஒரு கிராபிக்ஸ் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த 400 கோடி உண்மையா என்பது முதலில் யாருக்குத் தெரியும்? வியாபாரம் பேசுவதற்காக ஏற்றிச் சொல்வது சினிமாவில் புதிதல்ல. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் ஹீரோ சம்பளம், இயக்குநர் சம்பளம், பைனான்ஸ் வட்டி எல்லாம் போக மிச்சம்தான் திரைக்கு வரும். எங்களுக்கு வருவது ஷாட்டுக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்த தொகை. நாலு செகண்ட் ஷாட் என்றால் 96 பிரேம் (செகண்டுக்கு 24 தனித்தனிப் படம்). ஹீரோவின் தலைமுடி ஓரத்தைப் பிரேம் பிரேமாக வெட்டியெடுக்க (ரோட்டோ என்போம்) ஒரு பையன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான், பின்னணியை அப்புறம் மாற்றுவதற்காக நடிகருக்குப் பின்னால் கட்டுகிற பச்சைத் திரையைச் சுருக்கம் சுருக்கமாகக் கட்டி, லைட்டும் சரியாக விழாமல் எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் இழுக்கும். முடித்து அனுப்பினால் 'ரோபோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க, வானம் சிவப்பா இருக்கட்டும்' என்று திரும்பி வரும். ரிலீஸ் தேதி மட்டும் நகராது. நீங்கள் வட்டம் போட்ட பிரேம் பல நேரம் முடியாத ஷாட், டீசருக்காக அவசரமாக வாங்கிக்கொண்டு போனது.

'ஜப்பான்காரன் 15 மில்லியன் டாலருக்குள் காட்ஸில்லா மைனஸ் ஒன் எடுத்து 2024-ல் ஆஸ்கரே வாங்கிட்டான், நம்மாளுங்களுக்கு என்ன கேடு' என்று ஒரு வாதம் சுற்றுகிறது. சரி, நல்ல கேள்விதான். அந்தப் படத்தில் இயக்குநர் தகாஷி யமசாகியே விஷுவல் எபெக்ட்ஸ் சூப்பர்வைசர், அதாவது கிராபிக்ஸ் வேலைக்கும் அவரே பொறுப்பு. கிராபிக்ஸ் செய்தது சுமார் 35 பேர், 610 ஷாட். இது போதும், இது வேண்டாம் என்று முடிவு சொல்லவேண்டியவர் பக்கத்திலேயே இருந்தால் ஒரே ஷாட்டைப் பத்துத் தடவை மாற்ற வேண்டியிருக்காது, காசு மிச்சமாவது அங்கேதான். இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் தொகையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஊரிலேயே 2015-ல் 'இன்று நேற்று நாளை' வந்தது. பிரம்மாண்டம் எதுவும் கிடையாது, டைம் மிஷினை வைத்துக் கதை பின்னிய விதத்துக்காகவே பார்த்தோம், பட்ஜெட் எவ்வளவு என்று யார் கேட்டார்கள்?

அதற்காக யாரும் குறையே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பில், தியேட்டர் வளாகத்தில் யூடியூப் விமர்சனமே எடுக்க விடக்கூடாது என்று கிளம்பினார்கள். டிக்கெட் எடுத்தவன் திட்டத்தான் செய்வான், அது அவன் உரிமை. கோடியைச் சொல்லியே படத்தை விற்றுவிட்டு, அதே கோடியை வைத்து அடித்தால் மட்டும் ஐயோ என்றால் எப்படி? ஆனால் படமே வராதபோது டீசரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும், 'கிராபிக்ஸ் பண்ணவன் யார்றா' என்று கெட்ட வார்த்தையில் கேட்பதும் விமர்சனத்தில் சேராது. திட்டு விழுவது, ஜனங்கள் எழுந்து போன பிறகு ஓடுகிற டைட்டிலில் பொடி எழுத்தில் பேர் வருகிறவனுக்கு. படம் ஜெயித்தாலும் அவன் நிலைமை பெரிதாக மாறாது. புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' படத்துக்குப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற கிராபிக்ஸ் கம்பெனி, 2013-ல் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் திவால் மனு கொடுத்தது.

உங்கள் சினிமா பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 'இத்தனை கோடி பட்ஜெட்டில்' என்று தலைப்புப் போடும்போது, அது யார் சொன்ன தொகை என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். கிராபிக்ஸ் செய்த கம்பெனியின் பேரையும் போட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
கிராபிக்ஸ் கலைஞர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை - 93