பூதம் பிறகு வரட்டும், முதலில் தண்ணீர்த் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திகில் தொடர்களைப் பற்றிய வாசகர் கடிதங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகிறது: "சாணிப் பேப்பர் கதைதானே, இதிலெல்லாம் தர்க்கம் பார்ப்பார்களா?" கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு தீவு, கடலிலிருந்து ஏறிவரும் பூதம், ராத்திரிக்கு ஒரு சாவு என்று போகும் கதைகளுக்கு இந்தச் சலுகை தாராளமாகக் கிடைக்கிறது. கிடைக்கக் கூடாது. வாசகன் ஒரே ஒரு பொய்யை வாங்கிக்கொள்ளத் தயாராக வருகிறான்: கடலுக்குள் அப்படி ஒரு மிருகம் உண்டு. அதை விழுங்கியவனுக்கு அடுத்த பொய் தொண்டையிலேயே நின்றுவிடும். நிலா தப்பான நேரத்தில் உதித்தால் போதும், பூதம் அட்டைப்பூதம் ஆகிவிடும்.

நிலாவையே முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகம் சொதப்பப்படுவது அதுதான். பௌர்ணமி நிலா சூரியன் மறைவதை ஒட்டி உதிக்கும், நள்ளிரவில் உச்சிக்கு வரும், விடியும் வேளையில் மறையும். "மணி பன்னிரண்டு அடிக்க, முழுநிலா கடலைக் கிழித்துக்கொண்டு எழுந்தது" என்று எழுதுகிறவர் வானத்தைப் பார்த்து எழுதவில்லை. நள்ளிரவில் உதிப்பது தேய்பிறை அரைநிலா. உண்மையில் இந்த வகைக் கதைக்கு அமாவாசையே வசதி. கலங்கும் கடல்நீரில் நுண்ணுயிர்கள் நீலமாக மின்னும். நீருக்கடியில் வருவது எதுவென்று தெரியாது, வரும் தடம் மட்டும் தெரியும். முழுநிலா வெளிச்சத்தில் அந்த மினுக்கம் எடுபடாது.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, இன்னும் முக்கியம். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆக, திங்கள் இரவு 11 மணிக்குத் தண்ணீர் படகுத்துறையின் மேல்படியைத் தொட்டால், செவ்வாய் இரவு 11.50க்குத் தொடும், புதன் இரவு 12.40க்கு, அதற்கடுத்த இரவு 1.30க்கு. ஏற்றத்தோடு வருகிற பூதம் என்றால் இதுதான் அதன் நேர அட்டவணை. தாக்குதல் ஒவ்வோர் இரவும் 50 நிமிடம் தள்ளிப்போவதை நாலாம் நாள் யாரோ ஒருவர் சுவரில் கரியால் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தால், அந்த ஒரு கணம் பத்துப் பக்க அலறலுக்குச் சமம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உயரும். அட்டமி, நவமியை ஒட்டித் தாழும். அட்டமியன்று தண்ணீர் எட்டாத குடிசைக்குப் பௌர்ணமியன்று எட்டும். உச்சக்கட்டம் எந்த இரவு என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஒரு நாள்காட்டியை மாட்டிச் சொல்லிவிடலாம். பூதம் தனக்குத் தோன்றியபோதெல்லாம் வருவது எழுத்தாளருக்குச் சுலபம், வாசகனுக்குச் சலிப்பு.

அடுத்தது தீவின் சாமான் கணக்கு. ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் தலைக்கு 3 லிட்டர், நாளைக்கு 27 லிட்டர். 500 லிட்டர் தொட்டி பதினெட்டு நாள் தாங்கும். சமையலும் காயம் கழுவுவதும் சேர்ந்தால் பத்து நாள் வந்தால் அதிகம். மழைக்காலத்தில் கதையை வைத்துவிட்டு ஆட்களைத் தாகத்தால் சாகடிக்க முடியாது: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர், 40 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 400 லிட்டர். கிணறு இருக்கிறதே என்பார்கள். சின்னஞ்சிறு மணல் தீவில் கிணற்று நீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். வாளி வாளியாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும்; பெரிய அலை ஒன்று உள்ளே புகுந்தால் மாதக்கணக்கில் கரிக்கும். எனவே முதல் இரவில் பூதம் யாரையும் கொல்ல வேண்டாம். தடவிப் பார்த்த வேகத்தில் தொட்டியைச் சாய்த்துவிட்டுப் போகட்டும். 500 லிட்டரும் மணலுக்குள் இறங்குகிற சத்தத்தை அறைக்குள்ளிருந்து ஒன்பது பேரும் கேட்கட்டும்.

விளக்குக்கும் இதே கதைதான். 5 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும். 200 லிட்டர் பீப்பாய் 100 மணி நேரம். இரவு முழுக்க 12 மணி நேரம் ஓட்டினால் எட்டு இரவு. ஆனால் கதைக்கு எரிபொருளைவிட அதன் இரைச்சல்தான் தீனி. ஜெனரேட்டர் ஓடினால் வெளிச்சம் உண்டு, காது கிடையாது. நிறுத்தினால் காது உண்டு, வெளிச்சம் கிடையாது. இந்த ஒரு முடிவை ஒவ்வோர் இரவும் எடுக்கவைத்தாலே ஆட்களின் குணம் வெளியே வந்துவிடும், தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை.

"அந்த நேரம் பார்த்து ரேடியோ செத்துப்போயிற்று" என்ற வரிக்குத் தயவுசெய்து தடை போடுங்கள். அது சாகவே வேண்டாம். படகுகளில் பயன்படும் கையடக்க விஎச்எஃப் ரேடியோக் கருவி கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குத்தான் பேசும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் அடிவானம் 5 கிலோமீட்டர். 30 மீட்டர் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். அபாய அழைப்புக்கென ஒதுக்கிய சேனல் 16-இல் அபயக்குரல் கொடுக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் இருட்டில் அந்தப் படிகளில் ஏறியாக வேண்டும். அங்கே கதைக்கு ஒரு அத்தியாயம் இலவசமாகக் கிடைக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிப்பான் இருந்தால் செயற்கைக்கோள் வழியே இடம் போய்ச் சேர்ந்துவிடும், 48 மணி நேரமாவது ஒலிபரப்பும். ஆனால் அது என்ன ஆபத்து என்று சொல்லாது. வருகிறவர்கள் ஏதோ படகு மூழ்கியதாக நினைத்து ரப்பர் படகை இறக்குவார்கள். 20 நாட் (மணிக்கு 37 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் கப்பலுக்கு 300 கிலோமீட்டர் என்பது எட்டு மணி நேரம். உதவி வந்துகொண்டிருப்பதும் பயம்தான், வருகிறவர்களுக்காக.

இப்போது பூதம். பெரிதாக்கினால் பயம் கூடும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் இந்த வகைக் கதைகளைப் பிடித்த பீடை. ஒரு நண்டை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஏறும், காலின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் ஏறும். காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்க வேண்டிய பாரம் பத்து மடங்கு. தண்ணீருக்குள் மிதப்பு தாங்கிக்கொள்ளும். கரையில் கால் மடங்கிவிடும். போதாக்குறைக்கு நண்டு வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்ற வேண்டும், கழற்றிய பின் சில நாள் உடம்பு பஞ்சுபோல் கிடக்கும். இதைக் குறையாகப் பார்க்காமல் வரைபடமாகப் பார்க்கலாம்: இடுப்பளவுக்குக் கீழே ஆழம் குறைந்த தண்ணீருக்குப் பூதம் வராது. தீவில் எந்த இடம் ஆபத்து, எது பத்திரம் என்று ஒரு கோடு விழுகிறது, ஓதம் அந்தக் கோட்டை இரவோடிரவாக நகர்த்துகிறது. எங்கும் நுழையும் பூதத்தைவிடக் கோடு வரை மட்டும் வரும் பூதம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

தென்னை நண்டைக் கடலிலிருந்து கும்பலாக ஏற்றுகிறவர்களுக்கு ஒரு செய்தி: வளர்ந்த தென்னை நண்டு தண்ணீரில் மூழ்கினால் செத்துப்போகும். முட்டையை விட மட்டும் கடலோரம் இறங்கும். அது தீவுக்குள்ளிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டிய ஜீவன். 4 கிலோ எடை, காலுக்குக் கால் 1 மீட்டர் அகலம். 2016-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் அதன் இடுக்கி 1,765 நியூட்டன் (ஏறக்குறைய 180 கிலோ பாரம்) வரை அழுத்தியது பதிவாகியிருக்கிறது. இதைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை, இருக்கிற அளவே போதும்.

கணவாய் விஷயத்திலும் இதுதான். ராட்சதக் கணவாய் நுனிக்கை வரை அளந்தால் 12, 13 மீட்டர். அதில் பெரும்பகுதி இரண்டு நீள்கைகள், உடல் 2 மீட்டர் சொச்சம். கண் மட்டும் 25 சென்டிமீட்டருக்கு மேல். அதைவிடக் கனமான அண்டார்க்டிக் இனம் ஒன்றை 2007-இல் ராஸ் கடலில் நியூசிலாந்துப் படகு பிடித்தது, 495 கிலோ. அதன் கைகளில் உறிஞ்சிகளோடு கொக்கிகளும் உண்டு. ராட்சதக் கணவாயின் சதையில் அம்மோனியம் உப்பு நிறைந்திருக்கிறது, மிதப்பதற்காக. ஆகவே அது கரையருகே வந்தால் முதலில் தெரிய வேண்டியது நாற்றம், மூத்திரக் கொட்டடியின் நாற்றம். ரத்தம் நீலம், இரும்புக்குப் பதில் தாமிரம். வெட்டுப்பட்ட கையிலிருந்து செக்கச்செவேலென்று பீய்ச்சியடித்தால் எழுத்தாளர் கசாப்புக் கடையைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். திமிங்கிலத்தின் தோலிலுள்ள வட்டத் தழும்பை அளந்து "இது 60 மீட்டர் கணவாய்!" என்று கத்தும் விஞ்ஞானியும் வேண்டாம், குட்டியாக இருந்தபோது பட்ட தழும்பு திமிங்கிலத்தோடு சேர்ந்து வளரும்.

பெயர் சூட்டுவதற்கும் ஏன் இத்தனை பிறமொழி ஓசைகள் என்று விளங்கவில்லை. ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்று கூப்பிட்ட மொழி இது. திமி என்ற பெருமீனை விழுங்குவது திமிங்கிலம், திமிங்கிலத்தை விழுங்குவது திமிங்கிலகிலம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் பழைய சொற்கள் கையிலேயே இருக்கின்றன.

சுட்டுத் தள்ளுவது பற்றி இரண்டு வரி. வேகமான ரைஃபிள் தோட்டா தண்ணீருக்குள் ஒரு மீட்டர் போவதற்குள் வலுவிழந்துவிடும், பல நேரம் சிதறியும் போகும். நீருக்குள் சத்தம் நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கு மேல் விரைகிறது. அதனால் முங்கிக் கிடப்பவனுக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசையென்று பிரித்தறிய முடியாது. இதைப் பயன்படுத்திய கதைகள் அபூர்வம். பாராசூட் வெளிச்ச ராக்கெட் 300 மீட்டர் ஏறி 40 நொடி எரியும். கையில் நாலு இருந்தால் மொத்தம் 160 நொடி சிவப்பு வெளிச்சம். கடைசி இரவை அந்த 160 நொடிக்குள் எழுதச் சொல்லுங்கள், நடுவில் இருட்டை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளட்டும்.

நிஜத்தில் நடந்தவை இரண்டைச் சொல்ல வேண்டும். 1945 பிப்ரவரியில், பர்மாக் கரையோரம் உள்ள ராம்ரீ தீவின் சதுப்புக்குள் பின்வாங்கிய ஜப்பானிய வீரர்களை உவர்நீர் முதலைகள் நூற்றுக்கணக்கில் தின்றன என்று ஒரு கதை உலகமெல்லாம் சுற்றுகிறது. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அந்த எண்ணிக்கையை ஏற்பதில்லை. தாகம், காயம், நோய், துப்பாக்கிச் சூடு, நீரில் மூழ்கியது ஆகியவையே பெரும்பாலானோரைக் கொன்றன என்கிறார்கள். சிலரை முதலை பிடித்திருக்கலாம். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மேலே எழுதியது ஏன் என்பது இப்போது புரியும்.

இன்னொன்று, 1900 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஃபிளானன் தீவுகளில் மூன்று கலங்கரை விளக்கக் காவலர்கள் காணாமல் போனது. தொடாத சாப்பாடு, கவிழ்ந்த நாற்காலி என்று சொல்லப்படுவதை ஊருக்குப் பரப்பியது பிற்பாடு எழுதப்பட்ட ஒரு கவிதை. உண்மையில் சமையலறை சுத்தமாகத் துலக்கி வைக்கப்பட்டிருந்தது. மேற்குத் துறையில் 100 அடிக்கும் மேலான உயரத்தில் அலை அடித்த சேதம் இருந்தது. பேரலை இழுத்துப் போயிருக்கும் என்றே விசாரணை முடிவு செய்தது. ஆனால் மழைக்கோட்டு ஒன்று மட்டும் உள்ளே மாட்டியபடி இருந்தது. டிசம்பர் குளிரில் ஒருவர் கோட்டு போடாமல் வெளியே ஓடியிருக்கிறார். கவிழ்ந்த நாற்காலியை எவரும் கற்பனை செய்யலாம், அந்தக் கோட்டை முடியாது.

ஆட்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சாகிற வரிசையைக் கெட்டவன், கோழை, காதலன் என்று போடாதீர்கள். ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர், படகோட்டி, மருந்துப் பெட்டியைக் கையாளத் தெரிந்தவர் என்று போடுங்கள். ஒவ்வொரு சாவோடும் தீவிலிருந்து ஒரு வேலை காணாமல் போக வேண்டும். அந்தக்கால அமெரிக்க மலிவுப் பத்திரிகைகள் பல சொல்லுக்கு ஒரு சென்ட் கூலி கொடுத்தன, அதனால் "விவரிக்கவொண்ணாத", "பெயரற்ற", "கொடூரமான" என்று மூன்று அடைமொழி இல்லாமல் அங்கே எதுவும் நகராது. இங்கே சொல்லுக்குக் கூலி இல்லாதபோதும் அந்தப் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, இது எழுத்தாளர்களுக்கு இல்லை, தங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு. பன்னிரண்டு வாரத் தொடரில் பூதம் முழுதாகத் தெரிவது எட்டாம் வாரமோ ஒன்பதாம் வாரமோதான். முதல் வாரப் படத்திலேயே அதை எட்டுக் கையோடும் பல்லோடும் அரைப்பக்கத்துக்கு வரைந்துவிட்டால், அதுவரை எழுத்தாளர் எதை மறைத்து வைப்பது? முதல் வாரத்துக்குப் படகுத்துறையும் ஈரமான மேல்படியும் போதும்.

இப்படிக்கு,
திகில் தொடர் வாசகர்