கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்து வையுங்கள்: எல்லையோரத் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேராயர்களே, ஆயர்களே, திருமேனிகளே, அருட்தந்தையரே, போதகர்களே, வீட்டுக் கூடங்களில் சபை நடத்தும் மேய்ப்பர்களே,

உங்கள் அனைவருக்கும் ஒரே மடலை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். நீங்கள் ஒரே மேடையில் அமர்வது கிறிஸ்துமஸ் ஐக்கிய விழாவில் மட்டும்தான். என் வீட்டிலோ நாற்பது ஆண்டுகளாக நீங்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் அமர்ந்திருக்கிறீர்கள். என் தாயார் கோட்டாறு மறைமாவட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். தந்தையார் இலண்டன் மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தவர், அக்காள் மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், தம்பி தன் முப்பத்தைந்தாம் வயதில் ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுப் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தான். நான் பாறசாலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தந்தையின் சபையில் 31 ஆண்டுகள் ஓய்வுநாள் பாடசாலையில் கற்பித்திருக்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று எங்கள் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் நான் தமிழ் வேதாகமம் வாசிக்கிறேன், என் பேரப்பிள்ளைகள் மலையாள வேதாகமம் வாசிக்கிறார்கள். அம்மா 'கடவுள்' என்பார், அப்பா 'தேவன்' என்பார், பிள்ளைகள் 'தெய்வம்' என்கிறார்கள். ஒரே அப்பத்துக்கு எங்கள் வீட்டில் நற்கருணை, குர்பானா, திருவிருந்து, அப்பம் பிட்குதல் என்று நான்கு பெயர்கள் உண்டு. சிறுவயதில் இதை ஒரு செல்வமாகவே எண்ணினேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வேலி இருப்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எல்லாச் சபையும் ஒன்றுதான், எங்கே போனாலும் சரி என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் திருமுழுக்கு செல்லும் என்பதும் செல்லாது என்பதும் ஒருசேர மெய்யாக இருக்க முடியாது. உண்மையைப் பற்றி அக்கறை உள்ளவர்கள்தாம் அதைக் குறித்து வாதாடுவார்கள், வாதாடுங்கள். என் கவலை வேறு. பிரசங்க பீடத்தில் தொடங்கும் வழக்கை நீங்கள் அங்கேயே நிறுத்துவதில்லை. அது திருமண ஓலைக்கும், நோயாளியின் கட்டிலுக்கும், கடைசியில் கல்லறைத் தோட்டத்தின் கதவுக்கும் வந்து சேர்கிறது.

என் கணவர் சிறுநீரக நோயால் மருத்துவமனையில் கிடந்த கடைசி மூன்று வாரங்களில் பலர் வந்து ஜெபித்தார்கள், நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் ஜெபம் முடிந்ததும் விளக்கம் தொடங்கும். முன்னோரின் பாவம் என்றார் ஒருவர். விசுவாசக் குறைவு என்றார் இன்னொருவர். சரியான ஞானஸ்நானம் எடுக்காததன் விளைவு என்று என் காதில் விழும்படியே சொன்னவரும் உண்டு. பழைய சபையை விட்டுப் போனவர்களைக் கூட்டி வந்து ஜெபிக்க வைத்ததுதான் தவறு என்று என் சபையார் ஒருவரே சொன்னார். ஒவ்வொருவர் கையிலும் வேத வசனம் இருந்தது. அந்த வராந்தாவில் என் தம்பி மட்டும் ஒன்றும் பேசவில்லை. தன் சபைக்கு வரும்படி பன்னிரண்டு ஆண்டுகள் என்னோடு வாதாடியவன் அவன். அந்த மூன்று வாரமும் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு முதல் பேருந்தில் வந்து, இரவு வரை அத்தானின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தான்.

கணவரை அடக்கம் செய்த பிறகு எட்டு மாதம் நான் எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. இத்தனை குரல்களில் எது மெய் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிக்காமல் முழங்கால் படியிடவும் மனம் வரவில்லை. அந்த நாட்களில் யோபின் புத்தகத்தை எடுத்ததற்கு எங்கள் மண்ணின் கதை ஒன்றே காரணம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, இழப்புகளால் மனம் நொந்திருந்தபோது, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு திருவிதாங்கூர் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்குச் சொன்னது யோபின் கதையைத்தான். நீலகண்டப் பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அம்மாவுக்கு அவர் புனிதர். சி.எஸ்.ஐ. பிள்ளையான எனக்கு அவர் எங்கள் ஊர்க்காரர்.

யோபின் நண்பர்கள் பேசிய எதுவும் எளிதில் தள்ளிவிடக்கூடிய பேச்சு அன்று. பல வரிகளை இன்றும் எந்தப் பீடத்திலும் பிரசங்கிக்கலாம். இருந்தும் முடிவில் ஆண்டவர் அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். முறையிட்டு, சண்டையிட்டு, தம் பிறந்த நாளையே சபித்த யோபு சரியாகப் பேசினான் என்கிறார். 31 ஆண்டுகள் இதை மனப்பாட வசனமாகக் கற்பித்தும் எனக்கு விளங்காத ஒன்று அப்போது விளங்கியது. நண்பர்கள் கடைசிவரை ஆண்டவரைப் பற்றியே பேசினார்கள்; யோபு ஒருவன்தான் அவரோடு பேசினான். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்ததுதான். அதைப் படித்த இரவில் எனக்குத் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டும் என்ற பிடிவாதம் அன்று கழன்றது. மறு ஞாயிறு என் பழைய சபைக்கே திரும்பினேன். அங்கே இருந்துகொண்டே அம்மாவின் ஜெபமாலையையும் தம்பியின் ஸ்தோத்திரப் பாட்டையும் அச்சமின்றிக் கேட்க முடிந்தது.

இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறேன். உங்களுக்குள் ஏற்பட்டிருக்கும் உடன்பாடுகளை எங்களிடம் ஏன் சொல்வதில்லை? 1517-இல் மேற்குலகத் திருச்சபை எந்தக் கேள்வியில் பிளக்கத் தொடங்கியதோ, அந்த நீதிமானாக்கப்படுதல் (கடவுள் முன் மனிதர் எப்படி நீதிமானாகிறார் என்பது) பற்றிய அடிப்படை உண்மைகளில் லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரே கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். 1984-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் அந்தியோக்கியாவின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் சக்காவும், தங்கள் குருவை அணுக இயலாத நிலையில் இரு திருச்சபை மக்களும் ஒருவர் மற்றவரின் குருவிடம் நற்கருணையும் நோயில்பூசுதலும் கேட்கலாம் என்று உடன்பட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனது எங்கள் சொந்த வரலாறு. இவற்றில் ஒன்றைக்கூட நான் ஒரு ஞாயிறு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. தேடிப் படித்துத்தான் அறிந்தேன். பிரிவின் கதையோ எங்கள் பிள்ளைகளுக்குத் தலைகீழாய்த் தெரியும்.

அந்தப் பிள்ளைகளை அதிகம் உலுக்குவது கோட்பாட்டு வேறுபாடு என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. வடக்கே மலங்கரை சபையின் இரு தரப்பாரான ஆர்த்தடாக்ஸ் சபையாரும் யாக்கோபாயரும் ஒரே தக்ஸாவை (வழிபாட்டு நூலை) கொண்டு குர்பானா செலுத்துபவர்கள். அவர்களது வழக்கு நிர்வாகத்தையும் ஆலயங்களின் உரிமையையும் பற்றியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் அது ஓயவில்லை. உடல்களை அடக்கம் செய்ய முடியாமல் குடும்பங்கள் தவித்ததால், அந்தச் சபையின் எந்தத் தரப்பினரும் தம் முன்னோரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறும் உரிமைக்காகக் கேரள சட்டமன்றம் 2020-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மரித்தோரின் உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிறவர்களுக்கு, மரித்தவரைப் புதைக்க அரசு சட்டம் எழுதிக் கொடுத்தது. என் கல்லூரிப் பேத்தி அதைச் செய்தித்தாளில் வாசித்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

அந்தச் சட்டம் எங்கள் பக்கத்துச் சபைகளுக்குப் பொருந்தாது. அதனால்தான் இந்த மடல். கணவர் போய் ஆறாவது ஆண்டில் தம்பி மாரடைப்பால் இறந்தான். அப்பாவும் தாத்தாவும் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு இடமில்லை என்றார்கள். பெயரை வெட்டிக்கொண்டு போனவன் என்பது காரணம். அவன் சேர்ந்திருந்த சபைக்குச் சொந்தமாகக் கல்லறை நிலம் கிடையாது. ஒன்றரை நாள் பனிக்கட்டிப் பெட்டியில் திண்ணையில் கிடந்தவனை, கடைசியில் எங்கள் விளையிலேயே (தோட்டத்திலேயே) பலாமரத்தடியில் வைத்தோம். எந்தச் சபை, யார் சொன்னது என்பதை எழுதமாட்டேன். எல்லாச் சபைகளிலும் இப்படி ஒரு திண்ணை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

உங்கள் கோட்பாட்டில் ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை. முன்னோர் கிடக்கும் இடத்தில் எந்தக் கிறிஸ்தவரின் உடலுக்கும் இடம் மறுக்கமாட்டோம் என்று உங்கள் பேராயக் கூட்டங்களிலும் மறைமாவட்ட மன்றங்களிலும் சபைக் கமிட்டிகளிலும் தீர்மானம் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பீடங்களிலும் வாசியுங்கள். கல்லறை நிலம் இல்லாத சிறு சபைகளுக்கு, நிலம் உள்ளவர்கள் ஓரத்தில் நாலு அடி ஒதுக்குங்கள். சிறு சபை மேய்ப்பர்களே, நீங்களும் எங்கள் பெற்றோர் தந்த திருமுழுக்கைப் பிரசங்கத்தில் இகழ்வதை நிறுத்துங்கள். அதை ஏற்க உங்கள் மனச்சாட்சி இடங்கொடாவிட்டாலும், கண்ணீரோடு அதைக் கேட்டுப் பெற்ற தாய்மார் எதிரில் அமர்ந்திருப்பதை நினைத்துப் பேசுங்கள்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று அம்மாவின் வழக்கப்படி நான் எங்கள் விளையில் தம்பியின் தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றுவேன். அன்று மாலை நாலு மணிக்கு உங்களில் யார் வந்தாலும் வாசலில் பாய் விரித்து வைத்திருப்பேன். பிரசங்கம் வேண்டாம். சற்று நேரம் என்னோடு உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எல்லாச் சபைகளின் மகளும்
பாறசாலையில் வசிக்கும் ஒரு பழைய ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியையும் ஆகிய நான்