பேசும்படம் அவரை வீழ்த்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் பணியாற்றிய பெண் திரைக்கதையாளர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பிரான்சிஸ் மரியனுக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் நடிகை மேரி பிக்ஃபோர்டின் தோழியாக இருந்ததால்தான் அவருக்கு வாய்ப்புகள் வந்தன என்றும், பேசும்படம் வந்ததும் மௌனப்படக் காலத்துப் பெண் எழுத்தாளர்கள் பலரைப் போல அவரும் ஒதுங்க நேர்ந்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது கூற்றோ, ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே நிற்காது.

தோழமையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1888-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, விளம்பர ஓவியராகத் தொழில் தொடங்கி, இயக்குநர் லோயிஸ் வெபரிடம் படத்தொழில் பழகியவர் மரியன். பிக்ஃபோர்டுக்காக அவர் எழுதிய தொடக்ககாலக் கதையொன்று 125 டாலருக்கு விலைபோனது. படமாக்கி முடித்த நிலையில், வெளிவருவதற்கு முன்பே அதன் நெகட்டிவ் தீயில் எரிந்துபோனது. நியூயார்க்கில் வேலையின்றி நின்றவர், அருகிலிருந்த ஃபோர்ட் லீ ஊரின் வேர்ல்ட் ஃபிலிம் நிறுவனத்துக்குப் போய், இரண்டு வாரம் ஊதியமில்லாமல் உழைத்துக் காட்டுவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தார். வெளியிடத் தகுதியில்லை என்று மூலையில் போட்டிருந்த ஒரு படத்தை எடுத்து, அதற்கு ஒரு முன்னுரைக் காட்சியும் ஒரு முடிவுக் காட்சியும் புதிதாக எழுதிச் சேர்த்தார். பார்ப்பவர் சிரிக்கும்படி அமைந்துவிட்ட அழுகைப் படம், சிரிப்பதற்கென்றே எடுத்த படமாக மாறி விலையும் போனது. வாரம் 200 டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தம் அவர் கைக்கு வந்தது. இந்தக் கதையில் தோழிக்கு வேலையே இல்லை.

தோழமை பயன்பட்ட இடம் வேறு. 1917-இல் வெளிவந்த ‘தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்’ படத்தில், 24 வயது நிரம்பிய பிக்ஃபோர்டு 11 வயதுச் சிறுமியாக நடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் உடலில் எவ்வளவு குறும்பு ஒளிந்திருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருந்த மரியன், மூல நாடகத்தில் இல்லாத விளையாட்டுகளை, குறிப்பாகச் சேற்றை வாரி எறியும் சண்டையை, படப்பிடிப்பின்போது சேர்த்தார். இயக்குநர் மாரிஸ் டூர்னருக்கு அது பிடிக்கவில்லை. படத்தைப் போட்டுப் பார்த்த முதலாளிகளோ கைப்பணம் போயிற்று என்றே எண்ணினார்கள். கொட்டகையில் மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆண்டுக்கு 50,000 டாலர் ஊதியத்தில் பிக்ஃபோர்டின் எழுத்தாளர் என்ற பதவி மரியனுக்கு அமைந்தது. யார் வாயில் எந்தச் சொல் உட்காரும், யார் உடலுக்கு எந்தச் சேட்டை பொருந்தும் என்று அறிந்து எழுதுவதைத் தொழில்திறன் என்றே நான் சொல்வேன். சிபாரிசு என்று சொல்ல மாட்டேன்.

இனிப் பேசும்படத்துக்கு வருகிறேன். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றான எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக மரியன் எழுதிய ‘அன்னா கிறிஸ்டி’, ‘தி பிக் ஹவுஸ்’, ‘மின் அண்ட் பில்’ ஆகிய மூன்றும் 1930 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தவை, மூன்றும் பேசும்படங்கள். இவற்றில் முதலாவது, கிரெட்டா கார்போ திரையில் பேசிய முதல் படம். சுவீடன் நாட்டு உச்சரிப்போடு பேசும் ஒரு நட்சத்திரத்தை அமெரிக்க ரசிகர்கள் ஏற்பார்களா என்று நிறுவனமே அஞ்சிக்கொண்டிருந்த வேளையில், சுவீடன் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் கதையாகிய யூஜின் ஓ’நீலின் நாடகம் கைகொடுத்தது. கால் மணி நேரம் காக்க வைத்த பிறகே நாயகி வருவது நாடகாசிரியரின் அமைப்புதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை அவசரப்பட்டுக் கலைக்காமல் விட்ட விவேகம் மரியனுடையது.

‘தி பிக் ஹவுஸ்’ என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. அதற்காக மரியன் சான் குவென்டின் சிறைக்கு நேரில் சென்று பார்த்து வந்தார். குடிபோதையில் காரோட்டி ஓர் உயிரைப் பறித்த இளைஞனைப் பழுத்த குற்றவாளிகளோடு ஒரே அறையில் அடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. கைதிகள் அணிவகுத்து நடக்கும் காலடியோசையும் உணவுக்கூடத்தில் எழும் கூச்சலும் இல்லாமல் அந்தப் படத்தைக் கற்பனை செய்யவே முடியாது. இந்தப் படத்துக்காக எழுத்துக்கான அகாதமி விருது, அதாவது ஆஸ்கர், மரியனுக்குக் கிடைத்தது; அந்த விருதை ஒரு பெண் பெற்றது அப்போதுதான் முதன்முறை. அதே ஆண்டில் ஒலிப்பதிவுக்கென்று முதன்முதலாக வழங்கப்பட்ட விருதையும் அதே படம்தான் பெற்றது. ஒலி வந்ததால் ஒதுங்கினார் என்று ஒருவரைப் பற்றி எழுதுமுன் இந்த ஒரு செய்தியைப் பார்த்திருக்கலாம். குத்துச்சண்டை வீரனையும் அவன் மகனையும் பற்றிய ‘தி சாம்ப்’ படத்தின் கதைக்காக 1932-இல் இரண்டாவது விருதும் அவருக்குக் கிடைத்தது. பெண் எழுத்தாளர்கள் காதல் கதைகளுக்கும் குடும்பக் கதைகளுக்கும் அழைக்கப்பட்டார்கள் என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. மரியனின் இரண்டு விருதுகளுமே ஆண்கள் நிறைந்து, பெண்கள் ஓரமாக வந்துபோகும் கதைகளுக்குக் கிடைத்தவை.

மேரி டிரெஸ்லரைக் கட்டுரையாளர் விட்டுவிட்டது எனக்கு வருத்தமே. ஒரு காலத்தில் மேடையிலும் திரையிலும் புகழோடு இருந்து, பின்னர் வாய்ப்பிழந்து வறுமையில் இருந்த அந்த நடிகைக்காக 1927-இல் மரியன் எழுதிய நகைச்சுவைப் படத்தை, அயர்லாந்து வம்சாவளியினரின் எதிர்ப்பு காரணமாக நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மரியன் விடவில்லை. ‘அன்னா கிறிஸ்டி’யில் குடிகார மூதாட்டி வேடம், பிறகு ‘மின் அண்ட் பில்’லில் முதன்மை வேடம் என்று எழுதித் தந்தார். அறுபது வயதைத் தாண்டிய டிரெஸ்லர் அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான விருது பெற்றதோடு, 1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் வசூலில் முதலிடம் வகித்த நட்சத்திரமாகவும் ஆனார். கார்போ, ஜோன் கிராஃபோர்டு எல்லாம் இருந்த நிறுவனம் அது.

அப்படியானால் அவர் ஏன் விலகினார் என்று கேட்கலாம். எழுத்தாளருக்கும் படத்துக்கும் இடையே இருந்த தொலைவு கூடிக்கொண்டே போனதுதான் காரணம் என்று நான் கருதுகிறேன். ஃபோர்ட் லீயில் கத்தரிக்கோலோடு இருந்த படத்தொகுப்பாளரின் அருகில் உட்கார்ந்து படத்தையே மாற்றியமைத்தவர், 1921-இல் ‘தி லவ் லைட்’ படத்தை இயக்கவும் செய்தவர், கதை இலாகாவில் பலருள் ஒருவராக ஆனார். ஒரே திரைக்கதையைப் பலரிடம் மாற்றி மாற்றிக் கொடுப்பது எம்.ஜி.எம்.மின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கின் வழக்கம். யார் பெயர் திரையில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் ஸ்டூடியோவிடமே இருந்தது. 1933-இல் ஸ்டூடியோக்கள் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்தபோது புத்துயிர் பெற்ற திரை எழுத்தாளர் சங்கத்தில் மரியன் துணைத்தலைவராகப் பொறுப்பேற்றதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். முரண் என்னவென்றால், மரியனுடைய சொல்லுக்கு மதிப்பளித்த மேலிடமும் அதே தால்பெர்க்தான். 1936-இல் 37 வயதில் தால்பெர்க் இறந்தார்; அதே ஆண்டில் முடிந்த ‘கமீல்’ படத்தில் மரியனின் பெயர் வேறு இருவரின் பெயர்களோடு சேர்ந்து வருகிறது. இதே சூழலில் சிக்கிய ஆண் எழுத்தாளர்கள் சிலர் இயக்குநர் நாற்காலிக்குத் தாவித் தப்பினார்கள். பெண்களுக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டிருந்தது; 1930-களில் பெரிய ஸ்டூடியோக்களில் தொடர்ந்து படம் இயக்கிய பெண் என்று டொரத்தி ஆர்ஸ்னர் ஒருவரைத்தான் காட்ட முடிகிறது. மரியன் 1946-இல் ஹாலிவுட்டை விட்டு விலகி, சிற்பம் வடிப்பதிலும் ஓவியத்திலும் ஈடுபட்டார்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த ‘அன்னா கிறிஸ்டி’ படத்தின் காட்சிக்குக் கீழே கார்போவின் பெயரும், இயக்குநர் கிளாரன்ஸ் பிரவுனின் பெயரும், ஓ’நீலின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. பெண் திரைக்கதையாளர்களைப் பற்றிய கட்டுரை என்பதால், அந்த வரியில் நான்காவதாக ஒரு பெயரைச் சேர்த்து அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி