பவுடர் மாமாவும் என் கட்டைவிரலும்

மச்சான்,

கடுதாசியான்னு சிரிக்காத. நம்ம கேரம் மன்றத்து ஸ்கோர் நோட்டுல நடுப்பக்கத்தைக் கிழிச்சு எழுதுறேன். பின்பக்கத்துல ஏதாவது கணக்கு இருந்தா அதையும் படிச்சுக்க. போன் பண்ணியிருக்கலாம்தான். பண்ணினா நடுவுல நாலு கால் வரும், "ஒரு நிமிஷம் மச்சான்"னு வச்சிடுவேன், அந்த ஒரு நிமிஷம் அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும்.

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு அதே முட்டி வலி. பெரியவன் பத்தாவது, படிக்கிற மாதிரி நடிக்கிறான். பல்லு இன்னும் உன்கிட்ட 500 ரூவா பாக்கின்னு சொல்லிக்கினு திரியறான்.

முதல்ல மன்னிப்பு. பவுடர் மாமா தவறிப்போன அன்னைக்கு நீ நாலு நிமிஷம் வாய்ஸ் அனுப்பினே. நான் கும்பிடுற கை ஒண்ணு போட்டேன். அன்னைக்கு வந்த எல்லாத்துக்கும் அதே கைதான், வார்டு ஆளுங்களுக்கும் அதே, உனக்கும் அதே. உன் வாய்ஸை நான் கேக்கவே இல்லடா. ரெண்டு மாசம் கழிச்சு, போன வாரம்தான் கேட்டேன். மூணாவது நிமிஷத்துல அழுவறே. பின்னாடி எவனோ பஸ் ஹாரனை விடாம அமுக்கறான்.

இதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன். இதைவிடக் கேவலமானது ஒண்ணு இருக்கு.

அன்னைக்கு நாலரைக்கு அத்தை போன் பண்ணாங்க. ஓடினேன். 108 வந்து பார்த்துட்டு, உசிரு இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உள்ள அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கினு இருக்காங்க, பொண்ணு நம்பரை எடுக்கறதுக்கு. வெளிய திண்ணையில உக்காந்து நான் என்ன பண்ணேன் தெரியுமா? பொங்கல் மேட்ச்ல எடுத்த மாமா போட்டோவை வெட்டி, பூ வச்ச பிரேம்ல ஏத்தி, "ஆழ்ந்த இரங்கல்"னு எழுதி, கீழ மன்றத்துப் பேர், அதுக்குக் கீழ என் பேர், பக்கத்துல "தலைவர்", அதுக்கும் பக்கத்துல என் நம்பர். அஞ்சு பத்துக்கு ஸ்டேட்டஸ், குரூப்பு, எல்லாத்துலயும் போட்டாச்சு. அழக்கூட இல்லடா நான். எழுத்து மஞ்சள்ல நல்லா இருக்குமா வெள்ளையில நல்லா இருக்குமான்னு பார்த்துக்கினு இருந்தேன்.

மாமா பொண்ணு பெங்களூர்ல நைட் ஷிப்ட். கம்பெனி வண்டியில வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்டேட்டஸ் பார்த்திருக்கு. எனக்குத்தான் முதல் போன். "அண்ணா, அது எங்கப்பா போட்டோவா?" அவ்ளோதான் கேட்டுது. உள்ள அத்தைக்கு இன்னும் கண்ணாடி கிடைக்கல.

நீ திட்டு. பல்லுகூட திட்டல, அதான் பயமா இருக்கு. "நல்லா டிசைன் பண்ணியிருந்தீங்க தலைவரே"ன்னு ரெண்டு பேர் சொன்னானுங்க.

எப்படி இப்படி ஆனேன்னு யோசிச்சா, 2024 நவம்பர்லதான் ஆரம்பம். நம்ம செரியன் நகர் ஆட்டோக்காரர் பொண்ணு காசிமா அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிச்சு பாரு, அப்பதான். 1995-ல மரிய இருதயம் ரெண்டாவது தடவை உலக சாம்பியன் ஆனப்ப நாமளும் இதே வெறியோடதான் சுத்தினோம், ஆனா நம்மைப் பார்க்க எவன் வந்தான்? மாமா சாயங்காலம் போர்டுல தூவற பவுடர் டப்பாவைத் தூக்கிக்கினு வருவாரு, அதான் நமக்கு மீடியா. இப்ப அப்படியா? காசிமாவுக்கு கவர்மெண்டு ஒரு கோடி குடுத்ததும், எங்க தெரு அம்மாங்க அத்தனை பேரும் பொண்ணைக் கையில பிடிச்சுக்கினு மன்றத்து வாசல்ல. எனக்கு சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கூட்டத்தை வீடியோ எடுத்துப் போட்டப்ப வந்த லைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் தினம் ஒண்ணு போட்டாகணும். ஒரு சின்னப் பொண்ணு, ஒன்பது வயசு, சிவப்புக் காயினை வெட்டிப் போட்டு, அதுக்கு ஜோடியா போடவேண்டிய பாலோ காயினையும் போட்டுது, ஒரே அடியில. நான் போனை எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. "இன்னொரு தடவை அடி கண்ணு"ன்னேன். பதினோரு தடவை அடிக்க வச்சேன். நகக்கண்ணு சிவந்துபோச்சு. மாமா அந்த மூலையில உக்காந்து பார்த்துக்கினே இருந்தவரு, "டேய் மைனஸு, கொயந்த காயினைப் பார்த்து அடிக்குதா உன் போனைப் பார்த்து அடிக்குதா?"ன்னாரு. சிரிச்சு மழுப்பிட்டேன்.

விட்டுட்டு ஓடிப்போன்னு நீ சொல்லுவே. ஓட முடியாதுடா. ரெண்டு போர்டு அந்த வீடியோவைப் பார்த்த ஒருத்தர் வாங்கிக் குடுத்தது. ஸ்டேட் மேட்ச்சுக்குப் பசங்களுக்கு டிரெயின் டிக்கெட் போட்டது குரூப்ல கேட்டு வந்த காசு. நான் ஒரு வாரம் எதுவும் போடலன்னா, "தலைவர் எங்க, மன்றம் நடக்குதா?"ன்னு கேக்கறான். கண்ணுல படலன்னா இல்லவே இல்லன்னு முடிவு கட்டிடறானுங்க. குரூப்ல 1,024 பேர் வரைக்கும் சேர்க்கலாம், நம்மளுதுல 600 சொச்சம். அதுல 40 பேர் விளையாடறவன். மீதிப்பேர் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு "என் பொண்ணு ஏன் இன்னைக்கு வீடியோவுல இல்ல?"ன்னு கேக்கறவன். நீல டிக்கை எடுத்துட்டேன். அதுக்கும், "தலைவர் படிச்சிட்டுப் படிக்காத மாதிரி இருக்காரு"ன்னு ஒரு பேச்சு.

கட்டைவிரல் கதையைக் கேளு. நம்ம காயின் என் கோட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினா, கட்டைவிரல்ல தட்டி எடுப்பேனே, பேட்டையே வாயைப் பொளந்து பார்க்குமே? இப்ப முடியாது. மணிக்கட்டுக்கிட்ட சுருக்குன்னு இழுக்குது. தசைநார் மேல இருக்கற உறை வீங்கியிருக்குன்னு பிசியோகாரர் சொன்னாரு. "கேரம் ஆடி வந்துது சார்"னு பெருமையா சொன்னேன். அவரு என் கையையே பார்த்தாரு. பேசிக்கினு இருக்கும்போதே அந்தக் கையால ஸ்க்ரோல் பண்ணிக்கினு இருந்திருக்கேன்.

காரியம் முடிஞ்ச அன்னையில இருந்து ஒரு ஏற்பாடு. ஒன்பது மணி ஆனா குரூப்ல அட்மின் மட்டும்தான் பேசலாம்னு மாத்திடுவேன். போன் பொண்டாட்டிகிட்ட. முதல் வாரம் அவ தலகாணிக்கு அடியில கையை விட்டுத் தேடி மாட்டிக்கினேன், அசிங்கம். என் மச்சினன் சொல்றான், பிரான்ஸ்ல 2017-ல இருந்து, ஆஸ்திரேலியாவுல 2024-ல இருந்து, வேலை நேரம் முடிஞ்சா முதலாளி மெசேஜுக்குப் பதில் சொல்லாம இருக்க சட்டமே இருக்காம். சம்பளம் வாங்கறவனுக்குச் சட்டம் போட்டுட்டான். கைக்காசைப் போட்டுத் தலைவரா இருக்கற முட்டாளுக்கு எவன் போடுவான்?

மன்றம் நிக்கிறதாவது நிக்கிது. என்னைத் தலைவர் இல்லன்னு எவனும் இன்னும் சொல்லல. ஆனா பதிமூணு பேர் குரூப்பை விட்டுப் போயிட்டான். பேர் எல்லாம் மனப்பாடமா தெரியும் எனக்கு. மாத்திக்கினேன்னு நினைக்காத.

மாமா பொண்ணு போன ஞாயித்துக்கிழமை வந்துது. என்மேல கோவம் இல்லயாம். "அண்ணா, நீங்கதான் எல்லாத்தையும் எடுப்பீங்களே, அப்பா பேசற மாதிரி ஏதாவது வீடியோ இருக்கா?"ன்னு கேட்டுது. ராத்திரி முழுக்கத் தேடினேன், அன்னைக்கு மட்டும் பொண்டாட்டியே போனைக் குடுத்தா. 400-க்கு மேல வீடியோ. என் மூஞ்சி இல்லாதது கொஞ்சம்தான். மாமா ஒண்ணுலயும் இல்ல. போர்டு ஓரமா வந்தாருன்னா, "மாமா, கொஞ்சம் தள்ளு"ன்னு நான்தான் சொல்லியிருக்கேன், ரெண்டு வீடியோவுல அந்தக் குரலே கேக்குது. கடைசியில ஒண்ணு கிடைச்சுது. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கை வந்து பவுடரைத் தூவித் தேய்ச்சுட்டுப் போவுது. அந்த வளைஞ்ச சுண்டுவிரல் நமக்குத் தெரியாதா? ரெண்டு செகண்டு. அதை அனுப்பினேன். அதுகிட்ட இருந்து ஒரு பதிலும் வரல, நானும் பார்த்துடுச்சான்னு போய்ப் பார்க்கல.

சரி, வர்ற வழியைப் பாரு. ஏப்ரல் 15-ல தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் துறைமுகத்துலதான். கடலுக்குப் போறவனுங்க எல்லாம் பகல்லயே மன்றத்துல கிடப்பானுங்க, நல்ல ஆட்டம் பார்க்கலாம். 25 பாயிண்ட், என் கட்டைவிரல் இல்லாம, ஜெயிச்சுக் காட்டு. வஞ்சிரம் மட்டும் கேக்காத, அப்ப விக்கிற விலைக்கு உன்னைத்தான் விக்கணும். பல்லுக்கு 500 எடுத்துக்கினு வா.

மைனஸ்