எல்லைக் கோமான் கெரோவும் அவர் மருமகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கிழக்கெல்லையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த கெரோவைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இருமுறை படித்தேன். அவருடைய போர்களை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், குடும்பத்தை மட்டும் "மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டான்" என்ற ஒரே வரியில் கடந்துவிட்டார். கெரோவின் இறுதிக் காலத்தை விளங்கிக்கொள்ள அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். கட்டுரை கெரோவைச் 'சிற்றரசர்' என்கிறது. அவர் வகித்த பதவியை ஜெர்மானியர் 'மார்க்கிராஃப்' என்பர். 'மார்க்' என்பது எல்லைப் பகுதி, 'கிராஃப்' என்பது அரசரின் பெயரால் ஒரு வட்டாரத்தை ஆளும் கோமான். அக்காலத்தில் அந்தப் பதவி தந்தையிடமிருந்து மகனுக்குத் தானாக வந்து சேரும் சொத்து அன்று. 937-இல் கெரோவின் அண்ணன் சீக்ஃபிரீட் இறந்தபோது அவருடைய பொறுப்பை ஜெர்மானிய அரசர் முதலாம் ஓட்டோ கெரோவிடம் ஒப்படைத்தார். இறந்தவருக்குத் தாய்வழியில் உறவினரும் ஓட்டோவின் மாற்றாந்தாய்ச் சகோதரருமான தாங்க்மர், தனக்கு வர வேண்டியது பறிபோனதாகக் கருதிக் கலகத்தில் இறங்கி, 938-இல் எரெஸ்பர்க் தேவாலயத்தின் பலிபீடத்தருகே கொல்லப்பட்டார். கெரோ ஏறிய பதவிக்கு இப்படி ஓர் உயிர் விலையாயிற்று.

அவர் கைப்பட்ட இரத்தத்தை மறைத்துப் பேச நான் வரவில்லை. 939-இல், அந்தக் கிழக்கெல்லையில் வாழ்ந்த சிலாவிய மக்களின் தலைவர்கள் ஏறத்தாழ முப்பது பேரை விருந்துக்கு அழைத்து, அவர்கள் குடிமயக்கத்தில் இருந்த இரவில் கொன்றார் என்று விடுகிண்ட் என்ற துறவி எழுதியிருக்கிறார். அவர்கள்தாம் முதலில் கெரோவைக் கொல்லச் சதி செய்தார்கள் என்பதும் அதே துறவியின் கூற்று. ஆனால் அந்தத் துறவியும் கெரோவைப் போலவே சாக்சனியர். விருந்தாளியாக வந்தவர்களை உண்ட இடத்திலேயே வெட்டியதற்கு எந்தச் சமாதானமும் என் மனத்தில் ஒட்டவில்லை. போர்த்திறன், நல்லாலோசனை, சொல்வன்மை, கொடை, இறைப்பற்று என்று கெரோவின் குணங்களை வரிசையிட்டுப் புகழ்பவரும் அதே விடுகிண்ட்தான் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

இனிக் குடும்பத்துக்கு வருகிறேன். மகன் சீக்ஃபிரீட், அண்ணனின் பெயரையே தாங்கியவர், 959-இல் இறந்தார். அவருடைய மனைவி ஹாதுயி, ஓட்டோவின் தாயான அரசி மட்டில்டாவின் உறவுப்பெண். பதின்மூன்றாம் வயதில் மணமாகி ஏழாண்டுகள் கணவனோடு வாழ்ந்ததாக மெர்சபுர்க் ஆயர் தீட்மர் குறித்திருக்கிறார். ஆக, இருபது வயதில் கைம்பெண். தன் பதவியை விட்டுச்செல்ல மகனில்லாத கெரோ, தன் நிலபுலன்களையெல்லாம் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் கேர்ன்ரோட என்னுமிடத்தில் தாம் நிறுவிய கன்னியர் மடத்துக்கு எழுதிவைத்து, அதன் தலைவியாகத் துறவு முக்காடிட்ட மருமகளை அமர்த்தினார். அந்த ஊரின் பெயரிலேயே கெரோவின் பெயர் இருக்கிறது. மகனை இழந்த துயரத்தில் அந்த முதியவர் உரோமாபுரிக்குச் சென்று, தூய பேதுருவின் பலிபீடத்தின் முன் தம் ஆயுதங்களை வைத்துவிட்டு, புனித சிரியாக்கின் கையெலும்பைத் திருப்பண்டமாகப் பெற்றுவந்தார் என்கிறார் தீட்மர். அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம், இறந்த முப்பது தலைவர்களுக்கும் தந்தையர் இருந்திருப்பார்களே என்ற நினைவும் கூடவே வருகிறது.

கெரோ 965 மே 20 அன்று மறைந்தார். அவர் ஆண்ட பெரும் எல்லைப்பகுதியை, அதற்குள் பேரரசராகியிருந்த ஓட்டோ பல துண்டுகளாகப் பிரித்துப் பலரிடம் கொடுத்துவிட்டார். ஹாதுயியோ 1014 வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், மடத்தை நடத்தினார். போர்க்களத்தில் கெரோ வென்ற எதுவும் அவ்வளவு காலம் ஒருவர் கையில் நிலைக்கவில்லை. 983-இல் சிலாவியர் எழுந்து எல்பே ஆற்றுக்கு அப்பாலிருந்த வடபகுதியைப் பெருமளவு மீட்டுக்கொண்டனர். கேர்ன்ரோட தேவாலயமோ, தூண்களும் சதுரக் கம்பங்களும் மாறிமாறி நிற்க, நடுக்கூடத்தின் இருபுறமும் மேல்மாடங்களோடு, பிற்காலத் திருத்தங்களைத் தாங்கியபடி இன்றும் இருக்கிறது. கெரோவின் கல்லறையும் அங்கேதான்.

அவருடைய சகோதரி ஹிட்டாவின் மகன், மாமனின் பெயரையே கொண்ட கெரோ, 969 முதல் 976 வரை கொலோன் பேராயராக இருந்தார். பேரரசரின் மகன் இரண்டாம் ஓட்டோவுக்கு மணமகளாகப் பைசாந்தியப் பெண்ணான தெயோஃபானுவை அழைத்துவரக் கான்ஸ்டாண்டிநோபிள் சென்ற தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். கொலோன் பேராலயத்தில் இருக்கும், ஓக் மரத்தில் ஆளுயரத்துக்குச் செதுக்கிய 'கெரோ சிலுவை' இந்த மருமகனின் பெயரால் வழங்குவது. கட்டுரையின் படக்குறிப்பு அதை எல்லைக் கோமானுக்கு உரியதாக்கிவிட்டது. அடுத்த இதழில் அதைத் திருத்தி வெளியிடுமாறும், இடம் இருப்பின் ஹாதுயியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுதச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்